தூக்க நோய்க்கு மாத்திரை வந்த வழி

1910ஆம் ஆண்டு. ரொடீசியாவில் தூக்க நோய் தொற்றி இங்கிலாந்து திரும்பிய ஒருவர் லிவர்பூல் மருத்துவமனையில் படுத்திருந்தார். கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பை 1897இல் சிக்கந்தராபாத்தில் கண்டறிந்து நோபல் பரிசு வாங்கிய ரொனால்டு ராஸ், டேவிட் தாம்சன் என்பவரோடு சேர்ந்து அந்த நோயாளியின் ரத்தத்தை நாள் தவறாமல் எடுத்து, அதிலிருந்த ஒட்டுண்ணிகளை எண்ணினார். எண்ணிக்கையை வரைபடத் தாளில் குறித்துக்கொண்டே வந்தபோது ஒன்று பிடிபட்டது. சில நாள் ஒட்டுண்ணிகள் மளமளவென்று பெருகும். பிறகு அநேகமாகக் காணாமலே போய்விடும். ஆள் தேறிவிட்டார் என்று மூச்சு விடுவதற்குள் மறுபடி ஏறும். அலை மேல் அலையாக இப்படியே போனது.

ஒவ்வொரு அலையிலும் உடல் ஜெயிக்கிறது. கடைசியில் தோற்கிறது. எப்படி? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனவர்களால்தான் இன்று காங்கோவின் ஆற்றங்கரைக் கிராமங்களில் மாத்திரை விழுங்கிக் குணமாகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஆய்வுக்கூடத்துக்கும் அந்தக் கிராமத்துக்கும் இடையில் நடந்தவற்றில் பெருமைப்பட நிறைய இருக்கிறது, வெட்கப்படவும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நோயைப் பற்றி முதலில். டிரிப்பனோசோமா புரூசி என்ற ஒற்றைச் செல் உயிரி, சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் செட்சி ஈயின் கடி வழியாக மனித ரத்தத்தில் இறங்குகிறது. தொடக்கத்தில் காய்ச்சல், தலைவலி, கழுத்தில் நெறிகட்டுதல். மாதங்கள் கழித்து, சிலருக்கு ஒன்றிரண்டு ஆண்டுகளே கழித்து, மூளைக்குள் புகுந்துவிடும். பகலில் தூங்கி வழிவார்கள், இரவில் விழித்திருப்பார்கள். பேச்சு குழறும், குணம் மாறும், பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியாமல் போகும். மருந்து கிடைக்காவிட்டால் நினைவிழந்து சாவு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விக்டோரியா ஏரியின் உகாண்டா கரையோரம் மட்டும் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களை இது கொண்டுபோனது.

ராஸ் கண்ட அலைகளுக்குக் காரணம் தெரிய அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆனது. 1969இல் கீத் விக்கர்மேன் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் இந்த ஒட்டுண்ணியைப் பார்த்தபோது, அதன் உடல் முழுவதும் ஓர் அடர்த்தியான மேலுறை போர்த்தியிருந்தது. ஈயின் குடலில் வாழும் பருவத்தில் அந்த உறை இல்லை. மனித ரத்தத்தில் இருக்கும்போது உண்டு. 1975இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் கிராஸ் அந்த உறையைப் பிரித்தெடுத்துப் பார்த்தார். ஒரே வகைப் புரதம். ஓர் ஒட்டுண்ணியின் மேல் ஏறத்தாழ ஒரு கோடி மூலக்கூறுகள் நெருக்கியடித்து நின்றன.

இந்தப் புரதம் ஒரு சட்டை. நம் உடல் சட்டையின் நிறத்தைப் பார்த்துத்தான் ஆளைப் பிடிக்கிறது. அந்த நிறத்துக்கு ஏற்ற எதிர்ப்புரதங்களை உடல் செய்து முடிக்க ஒரு வாரம் போல ஆகும். செய்து முடித்ததும் கூட்டத்தில் பெரும்பகுதி அழிகிறது. அதற்குள் ஒரு சில ஒட்டுண்ணிகள் வேறு சட்டைக்கு மாறிவிடுகின்றன. உடல் அடுத்த நிறத்தைக் கற்க மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். மாற்றுச் சட்டைகளுக்கான மரபணுக்களும் அவற்றின் துண்டுகளும் 2,000க்கும் மேல் இருக்கின்றன. ஒரு நேரத்தில் ஒன்றுதான் வேலை செய்யும், மற்றவை அனைத்தும் மௌனமாக இருக்கும். துண்டுகளை ஒட்டுப்போட்டுப் புதிய சட்டையும் தைத்துக்கொள்ளும். தூக்க நோய்க்கு இன்றுவரை தடுப்பூசி இல்லாததற்கு இதுவே தலையாய காரணம்.

இதில் என்னை அசரவைத்த கண்டுபிடிப்பு 2007இல் வந்தது. மார்க்குஸ் எங்ஸ்ட்லர் குழுவினர், எதிர்ப்புரதம் ஒட்டிக்கொண்ட ஒட்டுண்ணியை நுண்ணோக்கியில் தொடர்ந்து பார்த்தார்கள். ஒட்டுண்ணி எப்போதும் ஒரே திசையில் முன்னோக்கி நீந்துகிறது. நீந்தும் வேகத்தில் எதிர்வரும் நீரோட்டம், புரதத்தின் மேல் துருத்திக்கொண்டு நிற்கும் எதிர்ப்புரதத்தைப் பிடித்துப் பின்பக்கமாகத் தள்ளுகிறது. பின்பக்கத்தில், சாட்டை போன்ற இழை புறப்படும் இடத்தில் ஒரு சிறு பை இருக்கிறது. தள்ளப்பட்டு வந்ததெல்லாம் அந்தப் பைக்குள் விழுகிறது. உள்ளே எதிர்ப்புரதம் செரிக்கப்படுகிறது. சுத்தமான மேலுறைப் புரதம் மட்டும் வெளியே திரும்பி வருகிறது. மேற்பரப்பு முழுவதையும் இப்படி உள்ளிழுத்து வெளியிட 12 நிமிடம் போதும். கொஞ்சமாக எதிர்ப்புரதம் ஒட்டினால் நீந்தியே கழுவிவிடுகிறது!

மேலுறைப் புரதத்தைச் செல்லின் சவ்வோடு பிடித்துவைத்திருப்பது சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்த ஒரு நங்கூரம். அதன் முழுக் கட்டமைப்பை மைக்கேல் ஃபெர்குசனும் சகாக்களும் 1988இல் வெளியிட்டார்கள். இப்படிப்பட்ட நங்கூரம் ஒன்றின் வடிவம் முழுதாகத் தெரிந்தது அப்போதுதான் முதல் முறை. நம் செல்களிலும் பல புரதங்கள் இதே மாதிரி நங்கூரத்தில்தான் நிற்கின்றன. ஆப்பிரிக்க ஏழைகளின் நோய்க்கிருமியை ஆராயப் போய், மனித உடலைப் பற்றிய அடிப்படைப் பாடம் ஒன்று கிடைத்தது.

இன்னும் பல விந்தைகள் உண்டு. சர்க்கரையை உடைக்கும் முதல் ஏழு நொதிகளை இந்த ஒட்டுண்ணி கிளைகோசோம் என்ற தனிப் பைக்குள் அடைத்துவைத்திருக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் ஓப்பர்டோஸும் போர்ஸ்ட்டும் 1977இல் கண்டது. டி.என்.ஏ.வில் எழுதியிராத எழுத்துகளை ஆர்.என்.ஏ.வில் பின்னால் செருகுகிறது. ராப் பென்னே 1986இல் கண்டது. அப்போது பலருக்கு நம்பவே முடியவில்லை. இவற்றையெல்லாம் ஒரு பைத்தியக்காரச் செல்லின் வினோதங்கள் என்று ஒதுக்கிவிடக் கூடாது. நம்மிடம் இல்லாதது எதுவோ அதில்தான் மருந்துக்கு இடம் இருக்கிறது.

அந்தக் கோணத்தில் மிக முக்கியமானது, நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஆலன் ஃபேர்லேமும் சகாக்களும் 1985இல் அடையாளம் கண்ட டிரிப்பனோதயோன். நம் செல்களில் ஆக்சிஜன் கழிவுகளை அடக்கிவைக்கும் வேலையைச் செய்வது குளுட்டாதயோன். இந்த ஒட்டுண்ணியில் இரண்டு குளுட்டாதயோன்களை ஸ்பெர்மிடின் என்ற மூலக்கூறு இணைத்து, வேறொரு பொருளாக ஆக்கியிருக்கிறது. அதுதான் டிரிப்பனோதயோன். அது இல்லாமல் ஒட்டுண்ணி பிழைக்காது.

இதைக் கண்டறிந்தபோது பழைய மருந்து ஒன்றின் செயலும் விளங்கத் தொடங்கியது. எர்ன்ஸ்ட் ஃப்ரீட்ஹைம் 1949இல் கொண்டுவந்த மெலார்சோப்ரால், ஆர்செனிக் கலந்த மருந்து. நோய் மூளைக்குள் போன பிறகு பல பத்தாண்டுகளுக்கு அதை விட்டால் கதியில்லை. அந்த ஆர்செனிக் டிரிப்பனோதயோனோடு பிணைந்துகொள்கிறது என்று ஃபேர்லேம் குழு காட்டியது. ஆனால் மருந்தைக் கரைக்கும் திரவம் நரம்பில் ஏறும்போதே தீயாக எரியும். பிளாஸ்டிக் சிரிஞ்சை அது கெடுத்துவிடும் என்பதால் கண்ணாடி சிரிஞ்ச் வேண்டும். மருந்தே மூளையைத் தாக்கி, சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 20 பேருக்கு ஒருவர் வீதம் இறந்தார்கள். இருபது பேர் படுத்திருக்கும் வார்டில் ஊசியோடு நுழைகிற செவிலியருக்கு இந்தக் கணக்கு தெரியும். படுத்திருப்பவர்களுக்கும் தெரியும். ஊசி போடாவிட்டால் இருபது பேரும் பிழைக்க மாட்டார்கள் என்பதும் தெரியும்.

மாற்று வழி எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. டிரிப்பனோதயோனுக்குத் தேவையான ஸ்பெர்மிடின் உருவாக, ஆர்னிதின் டிகார்பாக்சிலேஸ் என்ற நொதி வேண்டும். அந்த நொதியை முடக்கும் எஃப்ளோர்னிதின் என்ற பொருள் புற்றுநோய்க்காக உருவாக்கப்பட்டு, அங்கே பெரிதாகப் பயன்படாமல் கிடந்தது. 1980இல் நியூயார்க்கில் சைரஸ் பக்கியின் குழு அதை நோயுற்ற எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. எலிகள் குணமாயின. மனிதனிடமும் அதே நொதி இருக்கிறதே, நமக்கு ஏன் ஆபத்தில்லை? நம் செல்கள் அந்த நொதியை ஓயாமல் அழித்துப் புதிதாகச் செய்துகொண்டே இருக்கின்றன. முடங்கியது போனால் சீக்கிரமே புதியது வந்துவிடும். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் நோய் பரப்பும் காம்பியென்ஸ் வகை ஒட்டுண்ணியோ அந்த நொதியை நீண்ட நேரம் வைத்துக்கொள்கிறது. முடங்கினால் முடங்கியதுதான். நினைவிழந்து கிடந்தவர்கள் இந்த மருந்தால் எழுந்து உட்கார்ந்தார்கள். உயிர்த்தெழ வைக்கும் மருந்து என்றே பெயர் வந்தது. 1990இல் அமெரிக்கா அனுமதியும் கொடுத்தது.

பிறகு நடந்ததை நினைத்தால் இன்றும் நெஞ்சு கொதிக்கிறது. வாங்குகிறவர்களிடம் பணம் இல்லை என்பதால் 1990களின் நடுவில் உற்பத்தி நின்றது. காங்கோவிலும் அங்கோலாவிலும் தெற்கு சூடானிலும் போருக்கு நடுவே நோய் தலைவிரித்தாடிய காலம் அது. 1998இல் பதிவான நோயாளிகள் 40,000 பேருக்கு நெருக்கம். கண்டறியப்படாமல் விட்டவர்கள் 3 லட்சம் இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அத்தனை பேருக்கும் மறுபடி ஆர்செனிக்தான். 2000இல் அதே எஃப்ளோர்னிதின் அமெரிக்கச் சந்தைக்குத் திரும்பி வந்தது, பெண்களின் முகத்தில் வளரும் முடியைக் குறைக்கும் கிரீமாக. முக முடியால் மனம் நொந்தவர்களை நான் குறை சொல்லவில்லை. ஒரே மூலக்கூறுக்கு ஒரு பக்கம் ஆலை திறந்தது, உயிர் போகிற பக்கம் மூடியிருந்தது என்பதுதான் பொறுக்க முடியாதது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் விடாமல் கொடுத்த நெருக்கடியால் 2001இல் அவெண்டிஸ் நிறுவனம் இலவசமாக மருந்து தரச் சம்மதித்தது.

இலவசமாக வந்தாலும் அதைக் கொடுப்பது லேசான காரியமில்லை. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை வீதம் 14 நாளைக்கு 56 முறை டிரிப் ஏற்ற வேண்டும். மின்சாரமும் நல்ல தண்ணீரும் இல்லாத சுகாதார நிலையத்தில் நள்ளிரவில் விளக்கைப் பிடித்துக்கொண்டு யார் ஏற்றுவது? 2009 வாக்கில், நிஃபர்டிமாக்ஸ் என்ற மாத்திரையைச் சேர்த்து டிரிப்பின் எண்ணிக்கையை 14ஆகக் குறைத்தார்கள்.

மாத்திரையாலேயே குணப்படுத்த முடியுமா என்ற தேடல், ஹோக்ஸ்ட் நிறுவனத்தின் பழைய கோப்புகளுக்குக் கொண்டுபோனது. பாதியில் கைவிடப்பட்ட ஃபெக்சினிடசோல் என்ற மருந்தை, ஜெனீவாவைச் சேர்ந்த புறக்கணிக்கப்பட்ட நோய்களுக்கான மருந்து முயற்சி அமைப்பு 2005இல் தூசி தட்டி எடுத்தது. பாக்டீரியாக்களில் காண்பது போன்ற ஒரு நொதி ஒட்டுண்ணிக்குள் இருக்கிறது, நம்மிடம் இல்லை. அந்த நொதியே இந்த மருந்தை விஷமாக மாற்றித் தன் செல்லைக் கொன்றுவிடுகிறது. காங்கோ ஜனநாயகக் குடியரசைச் சேர்ந்த மருத்துவர் விக்டர் கண்டே முன்னின்று, அந்நாட்டிலும் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசிலும் 394 நோயாளிகளை வைத்து நடத்திய சோதனையில் மாத்திரை 91 சதவீதம் பேரைக் குணப்படுத்தியது. டிரிப் சிகிச்சையில் 98 சதவீதம். எண்ணில் கொஞ்சம் குறைவுதான். ஆனால் சாப்பாட்டோடு 10 நாள் விழுங்கினால் போதும் என்பதை அந்தக் காட்டுப் பாதைகளில் பத்து மணி நேரம் நடந்து வருகிறவர்களின் நிலையிலிருந்து பார்க்க வேண்டும். ஐரோப்பிய மருந்து முகமை 2018இல் சாதகமான கருத்து சொன்னது.

அடுத்து வந்த அகோசிபோரோல் இன்னும் எளியது. ஒரே வேளை, மூன்று மாத்திரை. ஒட்டுண்ணியின் ஆர்.என்.ஏ.வை வெட்டிச் சீராக்கும் ஒரு புரதத்தை அது முடக்குகிறது. காங்கோவிலும் கினியிலும் 208 பேருக்குக் கொடுத்துப் பார்த்ததன் முடிவு 2022இல் வெளிவந்தது. மூளையைத் தாக்கிய நிலையில் இருந்தவர்களில் கூட 95 சதவீதம் பேர் 18 மாதம் கழித்தும் நோயற்று இருந்தார்கள். நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்க்க முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுக்கும் கொடுமைக்கு இனி அவசியம் குறையும்.

இந்த நோய்க்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். செட்சி ஈ இந்தியாவில் இல்லை. ஆனால் இதே குடும்பத்தைச் சேர்ந்த டிரிப்பனோசோமா எவன்சி, மாட்டு ஈக்கள் மூலம் நம் மாடு, குதிரை, ஒட்டகங்களுக்குச் சர்ரா நோயைக் கொடுக்கிறது. அது மனிதரைத் தொடாது, ஏனென்றால் நம் ரத்தத்தில் அபோ எல்-1 என்ற புரதம் அதைத் துளைத்துக் கொன்றுவிடும். 2003இல் பிரஸ்ஸல்ஸில் எட்டியேன் பே குழு இதை நிறுவியது. அடுத்த ஆண்டே மகாராஷ்டிரத்தில் கால்நடை வளர்க்கும் ஒருவருக்கு விட்டு விட்டுக் காய்ச்சல் வந்து, ரத்தத்தில் எவன்சி நீந்துவதைக் கண்ட மருத்துவர்கள் திகைத்தார்கள். அவருடைய மரபணுவைப் படித்துப் பார்த்ததில், அபோ எல்-1 செய்யும் மரபணுவின் இரு பிரதிகளுமே பழுது. சுராமின் என்ற நூறாண்டுப் பழைய மருந்தால் அவர் குணமானார். ஆப்பிரிக்க நோய் ஒன்றின் மூலக்கூறு ஆய்வு பெல்ஜியத்தில் நடந்திராவிட்டால், எவன்சி அந்த மனிதரை எப்படித் தொற்றியது என்பது மகாராஷ்டிர மருத்துவர்களுக்குப் புதிராகவே இருந்திருக்கும். எந்த ஒட்டுண்ணி ஆய்வையும் நமக்கு வேண்டாதது என்று தள்ளுவதற்கு இதனால்தான் என் மனம் ஒப்புவதில்லை.

2018 முதல் உலகம் முழுக்கப் பதிவாகும் தூக்க நோயாளிகள் ஆண்டுக்கு 1,000 பேருக்கும் கீழே வந்துவிட்டார்கள். காம்பியென்ஸ் வகை பரவுவதை 2030க்குள் அடியோடு நிறுத்துவது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு. இதில் மருந்துக்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவு பங்கு படகிலும் மோட்டார் சைக்கிளிலும் கிராமம் கிராமமாகப் போகும் பரிசோதனைக் குழுக்களுக்கும் உண்டு. அவர்கள் கையில் இருக்கும் அட்டைப் பரிசோதனையில் விரலில் குத்தி எடுத்த ரத்தத்தை, சாயம் ஏற்றி உலர்த்திய ஒட்டுண்ணித் துளியோடு கலந்து ஆட்டுகிறார்கள். சில நிமிடத்தில் நீலத் துகள்கள் திரண்டால் சந்தேகம். அந்த உலர்ந்த ஒட்டுண்ணிகள், நோயாளிகளிடம் அடிக்கடி தென்படும் ஒரு குறிப்பிட்ட மேலுறையை உடுத்தியவை. ஏமாற்றுவதற்கென்று வைத்திருக்கும் உறையே காட்டிக்கொடுக்கிறது.

நோயாளிகள் குறையக் குறைய இந்தக் குழுக்களுக்குப் பணம் கொடுப்பவர்களின் ஆர்வமும் குறைவதுதான் இப்போதைய ஆபத்து. 1960களில் நோய் ஏறக்குறைய ஒழிந்திருந்தது, கண்காணிப்பைக் கைவிட்டார்கள், முப்பதாண்டில் லட்சக்கணக்கில் திரும்பி வந்தது. ரத்தத்தில் தென்படாதவர்களின் தோலுக்கு அடியிலும் ஒட்டுண்ணி தங்கியிருப்பதை 2016இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அறிகுறியே இல்லாத அவர்களை ஈ கடித்தால் மறுபடி சங்கிலி தொடங்கலாம். நஞ்சு குறைந்த ஒற்றை வேளை மாத்திரையை, சந்தேகத்துக்குரியவர்கள் அனைவருக்கும் கொடுத்து அந்தச் சங்கிலியை அறுக்க முடியுமா என்பதைத்தான் அகோசிபோரோலை வைத்து அடுத்த கட்டமாகச் சோதிக்கிறார்கள்.