எழுத்து நிற்பது எண்ணுக்காக

சமன்பாட்டைக் கொடுத்தால் நொடியில் தீர்த்துவிடும் மாணவர்கள்கூட, அதே கணக்கு வாக்கியங்களாக வந்தால் திகைத்துப் போகின்றனர். தவறு எங்கே நேருகிறது? தொடர்ந்து படிக்குமுன் பின்வரும் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

“ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களைப் போல் ஆறு மடங்கு மாணவர்கள் உள்ளனர். மாணவர் எண்ணிக்கையை ‘மா’ என்றும், பேராசிரியர் எண்ணிக்கையை ‘பே’ என்றும் கொண்டு இதைச் சமன்பாடாக எழுதுக.”

எழுதிவிட்டீர்களா? 6மா = பே என்று எழுதியிருந்தால் வருந்த வேண்டாம்; உங்களுக்குத் துணை நிறைய உண்டு. ஜான் கிளமென்ட் என்னும் ஆய்வாளர் இதே கணக்கை அமெரிக்காவில் முதலாண்டுப் பொறியியல் மாணவர்களுக்குக் கொடுத்து, 1982-இல் முடிவை வெளியிட்டார். மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் தவறு செய்திருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் எழுதியதும் 6மா = பே என்பதே!

சோதித்துப் பார்ப்போம். பேராசிரியர் 10 பேர் எனில் மாணவர் 60 பேர். 6 × 60 = 360. இது 10-க்குச் சமமாகுமா? ஆகாது. எனவே சரியான சமன்பாடு மா = 6பே. எண்ணிக்கையில் சிறியதைத்தான் ஆறால் பெருக்க வேண்டும்; அப்போதுதான் அது பெரியதற்குச் சமமாகும்.

இத்தவறு ஏன் நேருகிறது? ‘1 மீ = 100 செ.மீ.’ என்று எழுதிப் பழகியவர்கள் நாம். அங்கே ‘மீ’ என்பது அலகின் பெயர்ச்சுருக்கம். அதே பழக்கத்தில் ‘6மா’ என்பதை ‘ஆறு மாணவர்’ என்று படித்துவிடுகிறோம். இயற்கணிதத்திலோ எழுத்து என்பது பொருளின் பெயரன்று. அது ஓர் எண். 12-ஆம் நூற்றாண்டில் ‘பீஜகணிதம்’ எழுதிய பாஸ்கரர், தெரியாத எண்களுக்கு வண்ணங்களின் பெயர்களைச் சூட்டி, ‘கா’, ‘நீ’ என அவற்றின் முதலெழுத்துகளால் குறித்தார். காலகம் என்றால் கருப்பு; நீலகம் என்றால் நீலம். கணக்கில் வரும் பொருளுக்கும் இப்பெயர்களுக்கும் தொடர்பே இல்லை. ஆகவே குழப்பத்துக்கும் இடமில்லை!

இன்னொரு கணக்கு: “தந்தையின் வயது மகனின் வயதைப் போல் நான்கு மடங்கு. 20 ஆண்டுகளுக்குப் பின் அது இருமடங்காகும். இன்று மகனின் வயது என்ன?”

மகனின் இன்றைய வயது ‘அ’ எனக் கொள்வோம். தந்தையின் வயது 4அ. அவசரத்தில் சிலர் 4அ + 20 = 2அ என்று எழுதுவர். விடை அ = –10 என வரும். பிறக்காத பிள்ளைக்கா வயது கேட்டார்கள்? தந்தைக்கு 20 ஆண்டு கூடும்போது மகனுக்கும் கூடுமல்லவா? அதை மறந்ததே பிழை. சரியான சமன்பாடு:

4அ + 20 = 2(அ + 20)
4அ + 20 = 2அ + 40
2அ = 20
அ = 10

மகனுக்கு 10, தந்தைக்கு 40. இருபது ஆண்டு கழித்து 30, 60. கணக்கு பொருந்துகிறது.

ஆகவே, நினைவில் வையுங்கள். எழுத்து எந்த எண்ணைக் குறிக்கிறது என்று முதலில் முழு வாக்கியமாக எழுதுங்கள். சமன்பாடு அமைத்ததும் எளிய எண்களை இட்டுச் சோதியுங்கள். வந்த விடையைச் சமன்பாட்டில் மட்டுமின்றி, கேட்ட கேள்வியிலேயே பொருத்திப் பாருங்கள். சமன்பாடே தவறாக இருந்தால், அதில் விடை பொருந்துவதால் பயனில்லை அல்லவா?