திண்ணைக்கு ஒரு சாவி, உள்வீட்டுக்கு ஒரு சாவி

திருநெல்வேலி டவுன்ல, ரத வீதிக்குப் பின்னால இருக்கிற ஒரு சந்துல அத்தை வீடு. வீடுன்னா தனி வீடு இல்லை, வளவு. ஒரே வாசல், நடுவுல பொது முற்றம், சுத்தி ஆறு குடித்தனம். போன மாசம் போயிருந்தப்போ அத்தை சொன்னது: "ஏ ஐயா, இந்த நெட்டு பட்டாசல்ல நல்லா வருது, அடுக்களைக்குப் போனா நின்னு போயிருது. என்னன்னு பாரேன்."

பார்க்க உட்கார்ந்தேன். சிக்னல் கதை பத்து நிமிஷத்துல புரிஞ்சுது. ஆனா அதைவிடப் பெரிய சங்கதி ஒண்ணு கண்ணுல பட்டுது. இணைப்பு கொடுக்க வந்த பையன் வைஃபை கடவுச்சொல்லா அத்தையோட செல்போன் நம்பரையே போட்டுட்டுப் போயிருக்கான். வளவுல அந்த நம்பர் தெரியாத ஆளே கிடையாது. பால்காரருக்குக்கூடத் தெரியும். ரூட்டர்ல அப்போ பதினாலு கருவி இணைஞ்சிருந்தது. அத்தை வீட்டுல இருக்கிறது மொத்தமே மூணு.

அத்தைகிட்ட கேட்டேன். "எதிர்வீட்டுப் பிள்ளை போட்டித் தேர்வுக்குப் படிக்கா. கேட்டா இல்லைன்னு எப்படிச் சொல்லுதது?" அந்தப் பிள்ளைக்குக் கொடுத்தது, அவ தம்பிக்குப் போய், அவன் கூட்டாளிகளுக்குப் போய், பதினாலு ஆயிட்டு.

இந்தக் குறிப்பு அந்த இக்கட்டைப் பத்தினது. அத்தை கேட்டதுல தப்பே இல்லை. படிக்கிற பிள்ளைக்கு இல்லைன்னு சொல்லவும் கூடாது. வீட்டைத் திறந்தும் போடக் கூடாது. ரெண்டும் ஒண்ணா முடியுமா? முடியும், செலவும் அதிகமில்லை.

ஏன் கவலைப்படணும்?

2008 ஜூலை 26 அன்னைக்கு அகமதாபாத்ல தொடர் குண்டுவெடிப்பு நடந்தது. வெடிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னால டிவி நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போச்சு. அது கிளம்பின இணைய முகவரியைத் தேடிப் போன போலீஸ் போய் நின்னது, நவி மும்பையில குடியிருந்த ஒரு அமெரிக்கர் வீட்டுல. அவர் வைஃபை பூட்டாம இருந்தது. வேற யாரோ அதைப் பயன்படுத்திட்டாங்க. அவர் கம்ப்யூட்டரை எல்லாம் எடுத்துட்டுப் போய்ச் சோதிச்சாங்க. அதே வருஷம் செப்டம்பர்ல டெல்லி குண்டுவெடிப்புக்கும் இதே பாணி, அந்தத் தடவை மும்பை செம்பூர்ல ஒரு நிறுவனத்தோட வைஃபை. 2009 பிப்ரவரியில தொலைத்தொடர்புத் துறை, வைஃபையைப் பாதுகாப்பா வைக்கணும்னு இணைய நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது.

நம்ம வளவுல குண்டு வைக்கிற ஆள் யாரும் இல்லைதான். ஆனா ஒரு போலிக் கணக்குல இருந்து ஒரு பொம்பளைப் பிள்ளைக்கு அசிங்கமா செய்தி போனாலும், வழி இதே வழிதான். அந்த நேரத்துல அந்த இணைப்பு யார் பேர்ல இருந்ததுன்னு நிறுவனத்தோட பதிவுல இருக்கும். ஆதார் கொடுத்து கையெழுத்துப் போட்டது அத்தை.

செல்போன் நம்பர் ஏன் பூட்டே இல்லை?

வளவுக்காரங்களை விடுங்க, நம்பர் தெரியாதவனுக்கும் அது லேசு. டபிள்யூபிஏ2 முறையில, ஒரு போன் ரூட்டரோட இணையும்போது நடக்கிற கைகுலுக்கலைப் பக்கத்துல இருக்கிறவன் பதிஞ்சு வைக்கலாம். பிறகு வீட்டுல உட்கார்ந்து ஒவ்வொரு கடவுச்சொல்லா ஒப்பிட்டுப் பார்க்கலாம். ரூட்டருக்கு அது தெரியவே தெரியாது.

கணக்குப் போடுவோம். நம்ம ஊர் செல்போன் நம்பர் 6, 7, 8, 9ல ஒண்ணுல ஆரம்பிக்கும். மீதி ஒன்பது இலக்கம். மொத்தம் 400 கோடி. நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு விநாடிக்குப் பத்து லட்சம் ஊகம் செய்யும். 400 கோடிக்கு 4,000 விநாடி, அதாவது ஒரு மணி நேரம் ஏழு நிமிஷம். ஒரு மத்தியானத் தூக்கம்.

இதுக்குப் பதிலா 2,000 சொல் உள்ள ஒரு பட்டியல்ல இருந்து கண்ணை மூடிக்கிட்டு அஞ்சு சொல் எடுங்க. அதே கார்டுக்கு எல்லாத்தையும் முயற்சி செய்ய ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆகும். முருங்கை, தபால், வெண்கலம்னு ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாம இருக்கணும். ஆங்கில எழுத்துல தட்டிக்கலாம். நீங்களே யோசிச்சு எடுக்காதீங்க, யோசிச்சா சாமி பேரும் பேரப்பிள்ளை பேரும்தான் வரும். அகராதியை அங்கங்கே பிரிச்சு விரல் வைங்க. 63 எழுத்து வரை இடம் உண்டு.

ரூட்டருக்குள்ள செய்தது

உலாவியில 192.168.1.1 (சிலதுல 192.168.0.1) போட்டா ரூட்டரோட பக்கம் திறக்கும். வரிசையா இவ்வளவுதான்:

1. நிர்வாகக் கடவுச்சொல்லை மாத்தினேன். அது "அட்மின்"னே இருந்தது. வைஃபை கடவுச்சொல் வேற, இது வேற. இது கையில கிடைச்சவன் டிஎன்எஸ் அமைப்பை மாத்தி, நீங்க தேடிப் போற தளத்துக்குப் பதிலா வேற எங்கேயோ கொண்டுபோய் விடலாம்.

2. பாதுகாப்பு முறையில டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 கலந்ததைத் தேர்ந்தேன். 2018ல வந்த டபிள்யூபிஏ3ல மேலே சொன்ன, பதிஞ்சு வச்சு ஊகிக்கிற வேலை நடக்காது. பழைய போன் டபிள்யூபிஏ2லதான் இணையும், அதனால நீளமான கடவுச்சொல் எப்படியும் வேணும். டபிள்யூஇபின்னு ஒண்ணு பட்டியல்ல இருந்தா தொடவே வேண்டாம். அது 2001லயே உடைஞ்சு போனது.

3. டபிள்யூபிஎஸ் அணைச்சேன். அதோட எட்டு இலக்க பின் எண்ணை ரூட்டர் ரெண்டு பாதியாச் சரிபார்க்கும், கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு இலக்கம். அதனால மொத்தம் 11,000 முயற்சி போதும்னு 2011ல வெளியாச்சு.

4. வெளியில இருந்து நிர்வகிக்கிற வசதியை அணைச்சேன். மென்பொருள் புதுப்பிப்பு இருந்தது, போட்டேன்.

5. வைஃபை பேர்ல அத்தை பேரும் கதவு எண்ணும் இருந்தது, எடுத்துட்டேன். பேரை மறைச்சு வைக்கிறது பிரயோஜனம் இல்லை. தேடுறவனுக்கு அது தெரிஞ்சுடும்.

திண்ணை

இனி எதிர்வீட்டுப் பிள்ளை. பழைய வீடுகள்ல திண்ணைன்னு ஒண்ணு எதுக்கு வச்சாங்க? வழிப்போக்கன் உட்காரலாம், தண்ணி குடிக்கலாம், உள்ளே வர வேண்டியதில்லை. ரூட்டர்ல "கெஸ்ட் நெட்வொர்க்"னு இருக்கிறது அதேதான். தனிப் பேர், தனிக் கடவுச்சொல். அதுல இருக்கிறவங்களுக்கு இணையம் கிடைக்கும். வீட்டுக் கம்ப்யூட்டர், கேமரா, பிரிண்டர் எதுவும் கண்ணுல படாது.

சில ரூட்டர்ல ரெண்டாவது பேர் மட்டும் கொடுக்கும், பிரிச்சு வைக்காது. அதனால சோதிச்சுப் பாருங்க. திண்ணை இணைப்புல சேர்ந்துக்கிட்டு ரூட்டர் பக்கத்தைத் திறங்க. திறந்தா அது திண்ணை இல்லை, நடுக்கூடம். தனிமைப்படுத்துற அமைப்பைத் தேடிப் போடணும்.

இது வீட்டைக் காக்கும், பேரைக் காக்காது. திண்ணையில இருந்து போறதும் அத்தை பேர்லதான் போகும். அதனால அந்தப் பிள்ளைக்கு மட்டும், அவ போன்ல நானே தட்டிக் கொடுத்தேன். மாசத்துக்கு ஒரு தடவை திண்ணைச் சாவியை மாத்தணும்னு பேச்சு. அதை மாத்தினா வீட்டுக் கருவி எதையும் தொட வேண்டாம், அதுதான் இதுல உள்ள சௌகரியம். வேகத்துக்கும் ஒரு வரம்பு போட்டாச்சு.

கடைமடை

இப்போ அடுக்களை. தாமிரபரணியில எட்டு அணைக்கட்டு இருக்கு, கால்வாய் இருக்கு. இருந்தும் கடைமடைக்காரருக்குத் தண்ணி வரலைன்னா ஆத்தைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அத்தை அதிக வேகத் திட்டத்துக்கு மாறலாமான்னு யோசிச்சிருந்தா. வேகம் காரணமில்லை. பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர் முழங்கை அகலம், வழியில இரும்பு பீரோ. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமா போகும், சுவரைத் தாண்டாது. 2.4 தாண்டும், ஆனா வளவுல ஆறு வீட்டு ரூட்டரும் அதுலதான் மல்லுக்கட்டுது. அதுல 1, 6, 11 ஆகிய மூணு தடம்தான் ஒண்ணோடொண்ணு மோதாது. ஆள் குறைஞ்ச தடத்துக்கு மாத்தினேன்.

மீதிக்கு, பரண்ல கிடந்த பழைய ரூட்டர். கேட்6 கேபிள் இருபது மீட்டர் வாங்கி சுவரோரமா இழுத்தேன். பழைய ரூட்டர்ல டிஎச்சிபி அணைச்சு, முகவரியை 192.168.1.2ன்னு மாத்தி, லேன் துளையில இருந்து லேன் துளைக்கு இணைச்சேன். உள்வீட்டுப் பேரும் கடவுச்சொல்லும் அதே. திண்ணையை அதுல போடலை. இப்படி இணைச்ச ரூட்டர்ல பிரிப்பு ஒழுங்கா வேலை செய்யும்னு நம்ப முடியாது. முன்வாசல் ரூட்டர்ல மட்டும் திண்ணை இருந்தா போதும்.

செலவு கேபிளுக்கும் ஆணிக்கும் ஆன சில நூறு ரூபாய்தான். பழைய ரூட்டர் இல்லாதவங்களுக்குப் புதுசு ஆயிரம் ரூபாய் சுத்துவட்டாரத்துல கிடைக்கும். ஐப்பசியில இடி இடிச்சா ரெண்டு ரூட்டரோட மின்இணைப்பையும் பிடுங்கிடச் சொல்லியிருக்கேன். ஃபைபர் கண்ணாடி இழை, அதுல மின்சாரம் வராது. ஆனா பிளக் வழியா வரும்.

புறப்படும்போது அத்தை கேட்டா: "மத்த பயலுவ வந்து கேட்டா என்ன சொல்ல?" மருமகன் மாத்திட்டான், எனக்குத் தெரியாதுன்னு சொல்லுங்கன்னேன். பொய்யும் இல்லை. உள்வீட்டுக் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, அஞ்சறைப் பெட்டிக்கு அடியில வச்சுட்டு வந்திருக்கேன்.