வாடகை வரும்... வட்டியும் வரும்!

எல்லா ஆபீஸிலும் ஒருத்தர் இருப்பார். டீ டயத்தில் தோளில் கை போட்டு, "தம்பி, சம்பளத்தை இப்படிக் கரைக்காதே. லோன் போட்டு ஒரு ஃப்ளாட் வாங்கி வாடகைக்கு விட்டுடு. வர்ற வாடகையே ட்யூவைக் கட்டிடும்!" என்பார்.

கேட்க ஜோராகத்தான் இருக்கிறது. தலையாட்டும் முன் ஒரு பேப்பர், பேனா எடுங்கள் சார்.

சென்னைப் புறநகரில் 60 லட்சத்துக்கு ஒரு பழைய ஃப்ளாட் என்று வைத்துக்கொள்வோம். பாங்க் 80 சதவிகிதம், அதாவது 48 லட்சம் வரை கொடுக்கும். பாக்கி 12 லட்சம் உங்கள் கைக்காசு. முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் சேர்த்து 9 சதவிகிதம்... 5 லட்சத்து 40 ஆயிரம். அதுவும் உங்கள் தலையில்தான். ஆக, சாவியைத் தொடுவதற்குள் 17 லட்சத்து 40 ஆயிரம் அவுட்!

எட்டரை சதவிகித வட்டி, 20 வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 41,650 ரூபாய். வாடகை 15,000 வருகிறது என்று வைப்போம். வருஷத்துக்கு 1,80,000. ஒருத்தர் காலி செய்து அடுத்தவர் வர ஒரு மாதம் போச்சு. சொத்து வரி, பெயின்ட், புரோக்கர், ஒழுகும் குழாய்க்கு இன்னொரு 30,000. மிஞ்சுவது 1,35,000. மாதத்துக்கு 11,250!

வாடகை ட்யூவைக் கட்டாது சார். மாதாமாதம் 30,000 ரூபாயை உங்கள் சம்பளம்தான் கட்டும்.

"டாக்ஸ் மிச்சமாகுமே?" பழைய வரி முறையில் இருந்தால், வீட்டு நஷ்டத்தில் வருஷத்துக்கு 2 லட்சம் வரை சம்பளத்தில் கழிக்கலாம். புதிய முறையில் அதுவும் கிடையாது.

அப்போ வாங்கவே கூடாதா? தாராளமாக வாங்கலாம். விலை ஏறும் என்ற நம்பிக்கையில் வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குங்கள். ஏறுவது மண்ணின் விலை. கட்டடத்துக்கு வயசாகிக்கொண்டே போகும். அதனால் இத்தாலியன் டைல்ஸைப் பார்த்து மயங்காமல், யு.டி.எஸ். என்கிற பிரிபடாத பாகம் எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் பாருங்கள்.

இன்னும் சில விஷயங்கள்:

* வில்லங்கத்தைப் பதிவுத் துறை இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். 30 வருஷத்துக்குப் பாருங்கள். விற்பவர், "ஒரிஜினல் பத்திரம் ஊர்ல இருக்கு, ஜெராக்ஸ் தர்றேன்" என்றால் உஷார். வக்கீலிடம் காட்டாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

* ஏப்ரலில் எல்லா ஏரியாவும் ஏ-ஒன்! நவம்பர் மழையில் ஒரு நடை போய்ப் பாருங்கள். முடிச்சூரும் வேளச்சேரியும் 2015 டிசம்பரில் என்ன பாடு பட்டன என்பது ஞாபகம் இருக்கட்டும். மே மாதம் தண்ணீர் வருமா என்பதை விற்பவரிடம் கேட்காமல் வாட்ச்மேனிடம் கேளுங்கள்.

* குடிவருபவர் தூரத்துச் சொந்தமே ஆனாலும் எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிந்துவிடுங்கள். 2019-ல் அமலுக்கு வந்த வாடகைச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. முன்பணத்துக்கு அது சொல்லும் அளவு மூன்று மாத வாடகை. அதையும் வாங்கி பைக் மாற்றிவிடாதீர்கள். திருப்பித் தரவேண்டிய காசு!

கடைசியாக ஒரு ஒத்திகை. வீடு பார்க்கக் கிளம்பும் முன், ஆறு மாதம் ஒவ்வொரு ஒண்ணாம் தேதியும் 30,000 ரூபாயை ஆர்.டி.யில் போடுங்கள். தங்கை வளைகாப்பு, தீபாவளி, நண்பன் கல்யாணம் எது வந்தாலும் தொடக்கூடாது.

ஆறாவது மாதம் 1,80,000 சேர்ந்திருந்தால் தைரியமாக வீடு பாருங்கள். மூன்றாவது மாதமே உடைத்துவிட்டீர்களா? கவலை வேண்டாம், ஆர்.டி.யை உடைத்தால் கொஞ்சம் வட்டிதான் போகும். தவணை நின்றால் பாங்க் வீட்டுக்கே வந்துவிடும்!