உங்களுக்குத் தெரியுமா? கர்ப்பகால அரிப்பு

கர்ப்பத்தில் வயிறு பெரிதாகும்போது தோல் இழுபட்டு, வறண்டு அரிப்பது சகஜம். வெதுவெதுப்பான நீரில் குளியல், ஈரம் காயுமுன் தேங்காய் எண்ணெய், தொளதொளப்பான பருத்தி ஆடை, காலமைன் லோஷன் இவையே பெரும்பாலும் போதும். சொறியாமல் ஈரத்துணியால் ஒற்றுங்கள்.

ஆனால், கடைசி மூன்று மாதங்களில் தடிப்பு எதுவும் இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் இரவில் தூங்கவிடாமல் அரித்தால், கல்லீரலைக் கவனிக்க வேண்டும். பித்தநீர் சரியாக வடியாமல், பித்த அமிலங்கள் ரத்தத்தில் சேர்ந்திருக்கலாம். சிலருக்குச் சிறுநீரும் அடர்நிறமாகும். பித்த அமிலம் லிட்டருக்கு 100 மைக்ரோமோலை எட்டினால், குழந்தை வயிற்றிலேயே இறக்கும் அபாயம் கூடுகிறது.

பிரசவத்துக்குப் பின் இந்த அரிப்பு அடங்கிவிடும். அதுவரை எண்ணெய் தடவிக் காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவரிடம் சொல்லி ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.