சைக்கிளுக்கு எந்தச் சப்பாத்து? முதலில் நடந்து பாருங்கள்

கடையில் ‘கிளிப்லெஸ்’ பெடல் வேண்டும் என்று கேட்டால், சப்பாத்தின் அடியை டக்கென்று கவ்விக்கொள்ளும் பெடலைத்தான் எடுத்துத் தருவார்கள். கவ்வுகிற பொருளுக்குக் கிளிப் இல்லாதது என்று பெயர் வந்தது ஒரு பழைய வழக்கத்தின் மிச்சம். முன்பு பந்தய வீரர்கள் பெடலின் முன்னால் இருந்த கம்பிக் கூட்டுக்குள் கால்விரல்களை நுழைத்து, தோல்வாரால் இறுக்கிக்கொள்வார்கள். அந்தக் கூடுதான் கிளிப். பனிச்சறுக்குக் கட்டையில் சப்பாத்தைப் பூட்டும் கருவிகளைச் செய்துவந்த லுக் என்ற பிரெஞ்சு நிறுவனம், 1984-இல் அதே வித்தையைச் சைக்கிள் பெடலுக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு பேர்னார் இனோ அந்தப் பெடலை மிதித்து துர் த பிரான்ஸ் பந்தயத்தை வென்றார். கூடு மறைந்தது, பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் நகரத்தில் ஓட்டுபவருக்கு அதைவிட முக்கியமான ஆண்டு 1990. மலைப்பாதையில் ஓட்டுபவர்கள் சேற்றில் இறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டியிருந்தது. அவர்களுக்காக ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் அந்த ஆண்டு எஸ்பிடி என்ற முறையைக் கொண்டுவந்தது. பெடலில் பூட்டிக்கொள்ளும் துண்டுக்குக் கிளீட் என்று பெயர். பந்தயச் சப்பாத்தில் அது மூன்று திருகாணிகளால் பிடித்த பெரிய பிளாஸ்டிக் துண்டு, அடிக்கு வெளியே துருத்தி நிற்கும். எஸ்பிடியில் இரண்டு திருகாணிகளால் பிடித்த சிறிய உலோகத் துண்டு, ரப்பர் அடியின் குழிக்குள் பதுங்கியிருக்கும். கனடாவின் மிசிசாகா நகரில் வேலைக்கும் கடைக்கும் சைக்கிளில் போகிறவர் பாதி நேரம் நடப்பவர் என்பதே என் வாதம். அவர் முதலில் நடக்கத் தகுந்த சப்பாத்தை எடுக்கவேண்டும், பிறகே அதற்கேற்ற பெடலைத் தேடவேண்டும்.

இந்த நகரம் காருக்காக வளர்ந்தது. பேர்ண்ஹம்தோர்ப் போன்ற அகன்ற வீதிகளின் ஓரத்தில் நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் பொதுவான பாதை உண்டு. வாகனங்களுக்கு நடுவே போகாமல் ஸ்குவெயர் வன் கடைத்தொகுதிப் பக்கம் போய்வர அது நல்ல வழிதான். ஆனால் சந்திக்குச் சந்தி அது அறுபடுகிறது. பாதசாரிகள் கடக்கும் கோடுகளுக்குள் சைக்கிளில் ஏறியபடி கடக்க ஒன்ராறியோவின் போக்குவரத்துச் சட்டம் இடம்தருவதில்லை. இறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டும். சைக்கிளுக்கென்று தனிக் கடவை வரைந்திருக்கும் சந்திகளில் மட்டும் ஓட்டலாம். இடையிடையே பிளாசாக்களின் வாசல்களில் கார்கள் திரும்புகின்றன. அங்கும் காலை ஊன்றி நிற்க ஆயத்தமாக இருக்கவேண்டும். பெரிய சந்திகளில் சிவப்பு விளக்கு நெடுநேரம் நிற்கும். கூக்ஸ்வில் அல்லது போர்ட் கிரெடிட் கோ ரயில் நிலையத்துக்குப் போனால் சைக்கிளைப் பூட்டிவிட்டு மேடைவரை நடை. மைவே பஸ்ஸில் ஏறினால் அதன் முன்னாலுள்ள தாங்கியில் சைக்கிளைத் தூக்கி வைக்கவேண்டும். இப்படி ஆறேழு கிலோமீற்றர் பயணத்திலேயே கால் பத்துப் பதினைந்து தடவை நிலத்தைத் தொட்டுவிடலாம். ஒவ்வொரு தடவையும் பூட்டைத் திறக்கவேண்டும், திரும்ப மாட்டவேண்டும். ஏரிக்கரைப் பாதையில் ஒரு மணிநேரம் நிற்காமல் ஓடுபவருக்குப் பொருந்துவது இவருக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

‘காலைப் பூட்டினால்தான் பெடலை மேலே இழுக்கலாம், இல்லாவிட்டால் பாதிப் பலம் வீண்’ என்று சைக்கிள்காரர்கள் சொல்வதுண்டு. கேட்க நியாயமாக இருக்கிறது. சோதித்துப் பார்த்தவர்கள் கண்டது வேறு. 2007-இல் கோர்ஃப் என்பவரும் அவருடன் சேர்ந்தவர்களும் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற சைக்கிள்காரர்களை வேண்டுமென்றே பெடலை மேலே இழுக்கச் சொன்னார்கள். விசை வட்டம் முழுவதும் சீராகப் பரவியது உண்மை. ஆனால் அதே வேலைக்கு உடல் கூடுதல் சக்தியைச் செலவழித்தது. அதில் வியப்பில்லை. காலைக் கீழே தள்ளும் தொடையும் பிட்டமும் உடலின் மிகப் பெரிய தசைகள். காலைத் தூக்கும் தசைகள் அவற்றோடு ஒப்பிடச் சிறியவை. ஒரு கால் தள்ளும்போது மறுகாலைச் சுழல்தண்டே உயர்த்திவிடுகிறது. 2016-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஸ்ட்ரோ, கிராம் ஆகியோர், சாதாரண ஓட்டச் சப்பாத்தும் தட்டைப் பெடலும், அதே சப்பாத்தும் பழைய கம்பிக் கூடும், சைக்கிள் சப்பாத்தும் கவ்வும் பெடலும் என்று மூன்றையும் ஒப்பிட்டார்கள். மிதமான உழைப்பில் உடல் செலவழித்த சக்தியில் வேறுபாடு தென்படவில்லை. மேட்டில் உச்ச வேகத்தில் பாயும்போது பூட்டிய கால் கூடுதல் பலம் தரும் என்று கிராம் பங்கெடுத்த 2020-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. அதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் பால் வாங்கப் போகிறவர் அப்படிப் பாய்வதில்லை.

நம்மவர்களுக்கு இதைச் சொல்ல ஆய்வுகூடம்கூடத் தேவையில்லை. 1990-இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் எரிபொருள் இல்லாமற்போன யாழ்ப்பாணத்தில் சைக்கிள்தான் லொறி, சைக்கிள்தான் அம்புலன்ஸ். விறகும் மூட்டையும் நோயாளியும் அதன் கரியரில் போயின. பற்றரி கிடைக்காத வீடுகளில் சைக்கிளின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். அத்தனை பாரமும் ஓடியது ரப்பர் கட்டை வைத்த சாதாரணப் பெடல்களில், செருப்புப் போட்ட கால்களின் பலத்தில்.

பலத்தை விட்டுவிட்டாலும், ஈரத்தில் கால் வழுக்காதா என்ற கேள்வி நிற்கிறது. பூட்டும் பெடலுக்கு ஆதரவாகச் சொல்லப்படுபவற்றில் எனக்கு வலுவாகப் படுவது இதுதான். மழையில் நனைந்த பிளாஸ்டிக் பெடலிலிருந்து கால் நழுவினால் கெண்டைக்கால் தோல் கிழியும். சந்தியின் நடுவில் நழுவினால் அதைவிட மோசம். இதற்கு மருந்து பூட்டு மட்டும் அல்ல. சிறு உலோக முளைகள் பதித்த அகலமான தட்டைப் பெடலும், ஆழமான பள்ளங்கள் இல்லாத மென்மையான ரப்பர் அடியும் சேர்ந்தால் மழையிலும் நன்றாகப் பிடிக்கும். பூட்டின் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். போர்ட் கிரெடிட்டிலிருந்து லேக்ஷோர் வீதியால் கிழக்கே போய் எற்றோபிக்கோ ஓடையைத் தாண்டினால் லோங் பிராஞ்சில் ரொறன்ரோவின் தெருரயில் தண்டவாளங்கள் தொடங்கும். காயப்பட்டு மருத்துவமனைக்குப் போன சைக்கிள்காரர்களைப் பற்றி 2016-இல் வெளியான ஆய்வு ஒன்றில், ரொறன்ரோவில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரின் விபத்தில் தண்டவாளத்துக்குப் பங்கிருந்தது. ஹுறொன்ராரியோ வீதியிலும் 18 கிலோமீற்றர் நீளத்துக்கு ஹேசல் மக்கலியன் ரயில்பாதை அமைகிறது. தண்டவாளத்தைக் கூடியவரை குறுக்காக, செங்கோணத்தில் கடப்பதே முதற் காப்பு. சில்லு பள்ளத்துக்குள் சிக்கிவிட்டால் காலை ஊன்றக் கிடைப்பது கண்ணிமைக்கும் நேரம். குதிகாலை வெளியே திருப்பிப் பூட்டைத் திறப்பது உடலோடு ஊறாத புதியவருக்கு அது போதாது.

இதனால் பூட்டும் பெடலே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஏரிக்கரை வழியே ரொறன்ரோவின் நடுப்பகுதிக்கு இருபது கிலோமீற்றருக்கு மேல் தினமும் ஓடுபவருக்குப் பாதம் ஒரே இடத்தில் நிற்பது பெரிய ஆறுதல். அவருக்கும் இரண்டு திருகாணி முறைதான் உகந்தது; அதிலும் ஒரு பக்கம் பூட்டும் மறுபக்கம் தட்டையுமாக உள்ள பெடல். வேலை நாளில் பூட்டலாம், சாதாரணச் சப்பாத்தோடு கடைக்குப் போகும்போது புரட்டி மிதிக்கலாம். வேண்டிய பக்கத்தைக் காலால் தேடவேண்டியிருப்பது ஒரு குறைதான். இரண்டு சோடி பெடல் வைத்து மாற்றுவதை நினைத்தால் அது சிறியது. ஷிமானோ கிளீட்டுகளில் எஸ்எச்51 என்பது குதிகாலைப் பக்கவாட்டில் திருப்பினால் மட்டும் விடும். எஸ்எச்56 பல திசைகளில், பதற்றத்தில் மேலே பிடுங்கினால்கூட விடும். நகரத்துக்குப் புதியவர் இரண்டாவதையே கேட்டு வாங்கவேண்டும். பெடலில் இருக்கும் சிறு திருகாணியால் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை ஆகக் குறைவாக வைத்து, புல்தரையில் நூறு தடவை மாட்டிக் கழற்றிப் பழகிய பிறகுதான் வீதிக்கு வரவேண்டும். முழங்காலையும் கவனிக்கவேண்டும். எஸ்பிடி பூட்டுக்குள் பாதம் சில பாகை மட்டுமே அசையலாம். கிளீட் கோணலாகப் பூட்டப்பட்டால் ஒவ்வொரு சுற்றும் முழங்காலை முறுக்கும். உட்காரும்போது உங்கள் பாதம் இயல்பாக எந்தப் பக்கம் பார்க்கிறதோ, கிளீட்டையும் அதற்கேற்ப வையுங்கள்.

சப்பாத்தின் அகலத்தைப் பலரும் பார்ப்பதில்லை. 2009-இல் வெளியான ஓர் ஆய்வு, தென்னிந்தியாவில் வெறுங்காலுடன் நடந்து வாழ்ந்தவர்களின் பாதம் சப்பாத்து அணிபவர்களின் பாதத்தைவிட முன்பக்கம் அகலமாக இருந்ததைக் காட்டியது. செருப்போடும் வெறுங்காலோடும் வளர்ந்த நம்மில் பலருக்கு, ஒடுங்கிய வார்ப்பில் செய்த பந்தயச் சப்பாத்து சுண்டுவிரலை நசுக்கும். சைக்கிள் சப்பாத்தின் அடி விறைப்பானது, போடப் போட இளகிக்கொடுக்காது. அகல வார்ப்பில் கிடைக்கிறதா என்று கேளுங்கள். பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலையில் போட்டுப் பாருங்கள். கடையின் ஓட்டுத்தரையில் இருபது அடி நடந்து பாருங்கள். ஒவ்வொரு அடிக்கும் உலோகம் தரையில் உரசும் சத்தம் கேட்டால் கிளீட் போதிய ஆழத்தில் இல்லை, ரயில் நிலையப் படிகளில் அது வழுக்கும்.

குளிர்காலம் வந்ததும் கணக்கு மாறுகிறது. உலோகக் கிளீட் உள்ளங்காலின் சூட்டை உறிஞ்சும். குழிக்குள் பனி இறுகி அடைத்தால் பூட்டு விழாது. வீதியில் கொட்டும் உப்பு ஸ்பிரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும். டிசம்பரில் நான்கரை, ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. அப்போது சாதாரணத் தட்டைப் பெடலில் வரும் ஒளிதெறிப்பான்கள் மேலும் கீழுமாக அசைவதைப் பார்த்ததும் பின்னால் வரும் கார்க்காரருக்கு முன்னால் போவது சைக்கிள் என்று விளங்கிவிடும். பூட்டும் பெடல்கள் பலவற்றில் அவை இல்லை. ஆகவே கோடையில் பூட்டிக்கொள்பவர்கூட நவம்பரில் தட்டைப் பெடலுக்கு மாறுவது நல்லது. தடித்த காலுறையோடு பனிச் சப்பாத்தே போதும். மாற்றும்போது ஒன்றை நினைவில் வைக்கவேண்டும்: வலப் பெடல் வழக்கம்போலக் கழலும், இடப் பெடலின் புரி எதிர்த்திசையில் வெட்டப்பட்டது. புரியில் கொஞ்சம் கிறீஸ் பூசிப் பூட்டுங்கள். உப்பில் இறுகிப்போன பெடலை ஏப்ரலில் கழற்றப் பெரும்பாடு படவேண்டிவரும்.