அடிமனை யாருடையது?

காவிரி டெல்டாவில் டச்சு நகரம் என்று சொல்லத்தக்கது நாகப்பட்டினம். 1658-ல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அதைக் கைப்பற்றியது. 1690-ல் சோழமண்டலக் கரையின் தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து இங்கே மாற்றியது. கோட்டை, பண்டகசாலை, நாணயச் சாலை, கணக்கர்கள் அமர்ந்து எழுதும் கச்சேரி எல்லாம் இங்கே இருந்தன. துணியும் அரிசியும் இந்தத் துறையிலிருந்து கப்பல் ஏறின.

பீரங்கியும் கப்பலும் வைத்திருந்த கம்பெனிகூட மண்ணுக்கு உரியவரிடம் எழுதி வாங்காமல் இங்கே நிலைக்க முடியவில்லை. தஞ்சை நாயக்கர் விஜயராகவரின் சம்மதத்தோடுதான் நாகைத் துறைமுகமும் புத்தூர், அந்தணப்பேட்டை, மஞ்சக்கொல்லை போன்ற சுற்றுப்புற ஊர்களும் டச்சுக்காரர் கைக்கு வந்தன. நாயக்கர் ஆட்சி போய் மராத்தியர் ஏகோஜி தஞ்சையைப் பிடித்ததும் பழைய ஏற்பாடு கேள்விக்குறியானது. 1676 டிசம்பரில் அவரிடம் மீண்டும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். நாகை பற்றிய இரண்டு பட்டயங்கள் படேவியா, அதாவது இன்றைய ஜகார்த்தா, அருங்காட்சியகம் வரை போயின. வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி அவற்றை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

நாகைக்கு வடக்கே இருக்கும் தரங்கம்பாடியை டச்சு ஊர் என்று நினைப்பவர்கள் உண்டு. அது டென்மார்க் நாட்டவரான டேனிஷ்காரரின் ஊராக இருந்தது. 1620-ல் ரகுநாத நாயக்கர் ஆண்டுக்கு 3,111 ரூபாய் வாடகைக்கு அதை அவர்களுக்கு விட்டார். அப்போது டென்மார்க் அரசருக்கு அவர் அனுப்பிய தமிழ்க் கடிதம் ஓலை வடிவத்தில் நறுக்கிய பொன் தகட்டில் எழுதப்பட்டது. அந்தத் தகடு இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. டெல்டா மண்ணை வாடகைக்கு விட்டதற்கான இவ்வளவு அழகான அத்தாட்சி வேறொன்று இருக்குமா என்பது சந்தேகம்தான்.

1781-ல் நாகை ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. 1799-ல் தஞ்சை ராஜ்யம் அவர்கள் கைக்கு வந்தபோது தஞ்சை ஜில்லாவின் தலைமையிடமும் நாகைதான். 1845-ல்தான் அது தரங்கம்பாடிக்கு மாறியது, பிறகு தஞ்சாவூருக்குப் போனது. அலுவலகம் இடம் மாறும் கதை டெல்டாவில் அதோடு முடிந்துவிடவில்லை. தஞ்சை மாவட்டத்திலிருந்து 1991-ல் நாகையும், நாகையிலிருந்து 2020-ல் மயிலாடுதுறையும் பிரிந்தன. மாவட்டம் பிரியும்போது அரசுத் துறைகளே வாடகைக் கட்டடம் தேடுகின்றன. அவற்றுக்கு எவ்வளவு வாடகை தரலாம் என்பதைப் பொதுப்பணித் துறை கணக்கிட்டுச் சான்று தருகிறது.

தனியாருக்கு அப்படிக் கணக்கிட்டுத் தர ஆள் இல்லை. தஞ்சாவூரில் ஆடிட்டரோ, வழக்கறிஞரோ, உரக் கம்பெனியின் வட்டாரக் கிளையோ, நாலு பேர் உட்கார்ந்து வேலை செய்யும் மென்பொருள் நிறுவனமோ இடம் தேடினால் கண்ணில் படுபவை மூன்று வகை. மருத்துவக் கல்லூரி சாலை, புதிய பேருந்து நிலையப் பக்கம் எழும்பியிருக்கும் புதுக் கட்டடங்களின் மாடிகள் ஒன்று. கோட்டைக்குள் கீழ வீதி, மேல வீதி, தெற்கு வீதி, வடக்கு வீதிகளில் இருக்கும் பழைய வீடுகள் இன்னொன்று. 2024 செப்டம்பரில் மேலவஸ்தாசாவடியில் அரசு திறந்த மினி டைடல் பூங்கா மூன்றாவது. அது சுமார் 55,000 சதுர அடி கொண்டது. அங்கே ஜெனரேட்டருக்கும் இணையத்துக்கும் தனியாக அலைய வேண்டியதில்லை. ஆனால் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களை மனதில் வைத்துக் கட்டியது என்பதால் எல்லாத் தொழிலுக்கும் அது ஒத்துவராது.

பழைய வீட்டின் கவர்ச்சி தனி. திண்ணையைத் தாண்டி ரேழி, அதைத் தாண்டி முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், பின்னால் கிணற்றடி. சித்திரை வெயிலிலும் கூடம் குளிர்ந்திருக்கும். வாடகையும் குறைவாகத்தான் சொல்வார்கள். இடம் பார்க்கப் போகிறவர் தலையை நிமிர்த்தி மேல்தளத்தைப் பார்க்க வேண்டும். அங்கேதான் செலவு இருக்கிறது. தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் சிறு செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்புக் கலவை ஊற்றிய மெட்ராஸ் தளம் அது. தளத்தில் ஒரு கீறல் விழுந்திருந்தால் ஐப்பசி மழையில் கட்டையின் நுனியில் ஈரம் கோக்கும். சுவருக்குள் போகும் இடத்தில் கட்டை உளுத்துப்போய் விரலால் அழுத்தினால் மாவாக உதிரும். கோப்பு அலமாரிகளை மாடியில் வைக்க நினைப்பவர் இதைப் பார்க்காமல் முன்பணம் தரக் கூடாது. மின் இணைப்பு வீட்டுக் கட்டணத்தில் ஒரு முனையாக இருக்கும். ஏசியும் கணினிகளும் ஓட வேண்டுமானால் மும்முனை இணைப்பு வேண்டும், கட்டணத்தையும் வணிகப் பிரிவுக்கு மாற்ற வேண்டும். இந்தச் செலவு யாருடையது என்பதைப் பேச்சிலேயே தீர்த்துக்கொள்வது நல்லது.

பெரிய கோயிலை ஒட்டிய இடமென்றால் ஒரு சட்டமும் குறுக்கே வரும். மத்திய அரசு பாதுகாக்கும் நினைவுச் சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானத்துக்குத் தடை. பழுது பார்க்கக்கூட அனுமதி வாங்க வேண்டும். அதற்கப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு உண்டு. சுவரை இடித்துக் கண்ணாடி முகப்பு வைக்கத் திட்டமிடுபவர் முதலில் இந்தத் தூரத்தை அளந்து பார்க்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. சென்னையிலிருந்து வருபவர்கள் அதைக் கேட்பதே இல்லை. அடிமனை யாருடையது என்பதுதான் அந்தக் கேள்வி.

டெல்டா நகரங்களில் கட்டடம் ஒருவருக்கும் அது நிற்கும் மண் வேறொருவருக்கும் சொந்தமாக இருப்பது சாதாரணம். அரசர்கள் கோயில்களுக்கும் மடங்களுக்கும் தர்காவுக்கும் நிலம் எழுதிவைத்தார்கள். ஊர் பெருகப் பெருக அந்த நிலத்தை மனைகளாகப் பகுத்துக் குடிமக்களுக்கு விட்டார்கள். மனை எடுத்தவர்கள் தங்கள் செலவில் வீடும் கடையும் கட்டினார்கள். மண்ணுக்கு மட்டும் ஆண்டுதோறும் கட்டுவது அடிமனை வாடகை. 88 கோயில்களைக் கொண்ட தஞ்சாவூர் அரண்மனை தேவஸ்தானம், கும்பகோணத்துக் கோயில்கள், தருமபுரம், திருவாவடுதுறை ஆதீனங்கள் ஆகியவற்றின் நிலங்களில் இப்படி நிற்கும் கட்டடங்கள் ஏராளம்.

மனையில் கட்டடம் கட்டியவர் அந்த மண்ணை விலைக்குக் கேட்க 1921-ம் ஆண்டின் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் வழி வைத்திருந்தது. சமய நிறுவனங்களின் நிலத்துக்கு அந்த உரிமை இல்லை என்று 1996-ல் தமிழக அரசு திருத்தியது. மயிலாப்பூர் கிளப் வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை உறுதி செய்தது. கோயில் நிலத்தை ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விட அறநிலையத் துறை ஆணையரின் ஒப்புதல் வேண்டும். குத்தகைக் காலம் முடிந்தும் காலி செய்யாதவர் ஆக்கிரமிப்பாளர் ஆகிவிடுவார். கோயில் சொத்து கோயிலுக்கே நிற்க வேண்டும் என்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டடத்தில் மாடியை வாடகைக்கு எடுத்து, மாதம் பிறந்ததும் தவறாமல் வாடகை கொடுத்துவந்தவர் இதில் மாட்டிக்கொள்கிறார். கட்டடக்காரர் அடிமனை பாக்கி வைத்திருந்தால், அதிகாரிகள் பூட்டிச் சீல் வைக்கும்போது உள்ளே இருப்பது வாடகைக்காரரின் கணினியும் கணக்குப் புத்தகமும்தான்.

அதனால் வில்லங்கச் சான்றோடு நடப்பு ஆண்டின் அடிமனை ரசீதையும், குத்தகைக் காலம் எதுவரை என்ற ஆணையையும், உள்வாடகைக்கு விட அனுமதி உண்டா என்பதையும் கேட்க வேண்டும். கேட்டால் வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வார் என்று பலர் தயங்குகிறார்கள். கோபப்படுகிற இடத்தை விட்டுவிடுவதே நல்லது.

தனியார் சொத்தென்றால் 1960-ன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. அதன் இடத்தில் 2017-ல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நகரப் பகுதிகளில் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், 90 நாளுக்குள் வாடகை அதிகார அமைப்பிடம் பதிவாக வேண்டும். பதினொரு மாதப் பத்திரம் எழுதிப் பீரோவில் வைத்துக்கொண்டால் போதும் என்ற பழைய நம்பிக்கை செல்லாது. பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது தமிழ்நாட்டின் பழக்கம். ஒப்பந்தத்தில் வேறாக எழுதாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்கிறது சட்டம். பத்து மாதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு வருந்திப் பயனில்லை. கட்டடத்தின் பெரிய பழுதுகள், வெள்ளையடிப்பு, வயரிங் மாற்றம் உரிமையாளர் பொறுப்பு. குழாய், சுவிட்ச், ஜன்னல் கண்ணாடி வாடகைக்காரர் பொறுப்பு. என்ன சண்டை வந்தாலும் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்த உரிமையாளருக்கு உரிமை இல்லை.

வாடகைத் தொகைக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வரலாம். உரிமையாளர் ஜிஎஸ்டியில் பதிவு செய்யாதவராக இருந்தாலும், வாடகைக்கு எடுப்பவர் பதிவு செய்தவரானால் 2024 அக்டோபரிலிருந்து வாடகைக்காரரே அந்த வரியைக் கட்டும் நிலை பெரும்பாலும் உண்டு. ஜிஎஸ்டி பதிவுக்கு அலுவலக முகவரி காட்ட ஒப்பந்தமும், உரிமையாளர் பெயரில் மின் ரசீது அல்லது சொத்து வரி ரசீதும் வேண்டும். தாத்தா பெயரிலேயே நிற்கும் சொத்து வரி ரசீது கோட்டைக்குள் வீதிகளில் அபூர்வமில்லை. பாகப்பிரிவினை நடக்காத வீட்டில் ஒரு பங்காளி மட்டும் போட்ட கையெழுத்தை நம்பக் கூடாது.

தஞ்சையிலோ கும்பகோணத்திலோ நாகையிலோ இடம் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் முன்பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு நாள் ஒதுக்கி, அந்தக் கட்டடம் நிற்கும் மண்ணுக்கு உரிய கோயில் அலுவலகத்துக்கோ மடத்துக்கோ நேரில் போய், பாக்கி இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு வாருங்கள்.