உப்பளம் உணர்த்தும் வேதியியல்

இரணியலுக்குத் தென்கிழக்கே புத்தளம், சாமித்தோப்பு ஆகிய ஊர்களில் நெடுங்காலமாக உப்பு விளைந்து வந்ததை நம் மாவட்டத்தார் நன்கறிவர். பாத்தியில் தேக்கிய கடல்நீர் வெயிலில் சுண்டும்போது அதிலுள்ள உப்புகள் யாவும் ஒருங்கே படிவதில்லை. செறிவு ஏறத்தாழ 13 பாமே அளவை எட்டியதும் ஜிப்சம் எனும் கால்சியம் சல்பேட்டு படியத் தொடங்கும். 25 அளவில் சோற்றுப்பு படியும். மக்னீசிய உப்புகளோ இறுதிவரை நீரிலேயே தங்கும். இவ்வரிசைக்குக் காரணம் யாது?

ஒரு மோல் படிகத்தை வாயுநிலை அயனிகளாகப் பிரிக்கத் தேவைப்படும் ஆற்றலே படிகக்கூடு ஆற்றல். 1919-இல் மாக்ஸ் பார்ன், ஃபிரிட்ஸ் ஹேபர் ஆகியோர் இதனைக் கணக்கிட வழிகண்டனர். சோற்றுப்பிற்கு இது ஏறத்தாழ 787 கிலோஜூல். பிரிந்த அயனிகளை நீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்ளும்போது ஏறத்தாழ 783 கிலோஜூல் வெளிப்படுகிறது. இது நீரேற்ற ஆற்றல். எஞ்சிய சிறு பற்றாக்குறையை, அயனிகள் நீரெங்கும் பரவுவதால் மிகும் ஒழுங்கின்மை ஈடுசெய்கிறது. ஆதலின் உப்பு கரைகிறது.

படிகக்கூடு ஆற்றல் மிகுந்தால் கரைதிறன் குறையும் என்று மட்டும் மாணவர் மனப்பாடம் செய்தல் போதாது. மக்னீசியம் சல்பேட்டின் படிகக்கூடு ஆற்றல் கால்சியம் சல்பேட்டினதைவிட மிகுதி. எனினும் முன்னது 100 மில்லிலிட்டர் நீரில் 30 கிராமுக்கு மேல் கரைய, பின்னது கால் கிராம் அளவே கரைகிறது. சல்பேட்டு அயனி பெரியது. அதனுடன் இணையும் உலோக அயனி சிறுத்தாலும் பருத்தாலும் படிகக்கூடு ஆற்றல் பெரிதும் மாறுவதில்லை. நீரேற்ற ஆற்றலோ உலோக அயனி சிறுக்கச் சிறுக்க விரைந்து பெருகும். மக்னீசிய அயனி சிறியது; நீர் அதனை இறுகப் பற்றுகிறது. பேரியம் அயனி பெரியது. அதன் சல்பேட்டு லிட்டருக்குச் சில மில்லிகிராமே கரையும். அதனாலன்றோ, கரைந்த பேரியம் நஞ்சாயினும், வயிற்றை எக்ஸ் கதிர்ப்படம் எடுக்குங்கால் பேரியம் சல்பேட்டைப் பருகக் கொடுக்கின்றனர்!

ஏறத்தாழ 29 அளவில் கசப்பு நீரை வடித்துவிடுவது உப்பள வழக்கம். தவறினால் மக்னீசியம் கலந்து உப்பு கசக்கும். ஈரம் கசிந்து விலையும் குன்றும். வெயிலில் உழைக்கும் தொழிலாளியின் கூலியும் அந்த ஓர் அளவைப் பொறுத்ததே. பாடநூலில் காணும் எண்கள் அப்பாத்திகளில் அன்றாடம் மெய்ப்படுவதை மாணவர் நேரிற்சென்று காண்பாராக!